ஆலைத் தொழிலாளி ஆக்கிய அகராதி

இங்கிலாந்தின் வடபகுதியான யார்க்ஷயரில், பிராட்போர்டு நகருக்கு அருகே 1855ஆம் ஆண்டு ஜோசப் ரைட் பிறந்தார். குடும்பத்தின் வறுமையால், ஆறு வயதிலேயே கல்குவாரியில் கழுதை வண்டி ஓட்டினார். ஏழாம் வயதில் நூற்பாலையில் வேலைக்குச் சேர்ந்தார். பதினைந்து வயது வரை அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது.

1870இல் பிரான்சுக்கும் பிரஷ்யாவுக்கும் போர் மூண்டது. போர்ச் செய்திகளைச் செய்தித்தாளில் பிறர் படிக்கக் கேட்ட ரைட்டின் உள்ளத்தில், தாமும் படிக்க வேண்டும் என்னும் வேட்கை எழுந்தது. விவிலியத்தைக் கொண்டு எழுத்துகளைக் கற்றார். பின்னர் இரவுப் பள்ளியில் பிரெஞ்சு, ஜெர்மன் முதலிய மொழிகளைப் பயின்றார். சிறுகச் சிறுகச் சேமித்த பணத்துடன் 1876இல் ஜெர்மனிக்குப் புறப்பட்டார். செலவைக் குறைப்பதற்காக, ஆன்ட்வெர்ப் துறைமுகத்திலிருந்து ஹைடல்பர்க் வரை நடந்தே சென்றார். அங்குள்ள பல்கலைக்கழகத்தில் 1885இல் முனைவர் பட்டம் பெற்றார். நாடு திரும்பியபின் ஆக்ஸ்போர்டில் ஆசிரியப் பணியேற்று, 1901இல் ஒப்பியல் மொழிநூல் பேராசிரியரானார். மாக்ஸ் முல்லர் வகித்த பதவி அது.

உயர்ந்த நிலையை அடைந்த பின்னும் ரைட் தம் ஊர்ப்பேச்சை மறக்கவில்லை. உழவரும் தொழிலாளரும் பேசிய ஆங்கிலத்தைப் பிழையான மொழி என்று கற்றோர் பலர் இகழ்ந்த காலம் அது. அப்பேச்சுக்கும் ஒழுங்கான இலக்கணம் உண்டு என்பதை, தாம் வளர்ந்த விண்ட்ஹில் ஊரின் வழக்கை ஆராய்ந்து 1892இல் வெளியிட்ட நூலில் அவர் நிறுவினார். பொது ஆங்கிலத்தின் அன்றாடப் பேச்சில் மறைந்துபோன, 'நீ' என ஒருவரை விளிக்கும் பழஞ்சொல் யார்க்ஷயர் மக்களிடம் வாழ்ந்துகொண்டிருந்தது.

பள்ளிக் கல்வியும் இரயில் பயணமும் பரவப் பரவ, வட்டாரச் சொற்கள் மறையத் தொடங்கின. அவை அழியுமுன் தொகுத்துவிட வேண்டும் என்று ஆங்கில வட்டார வழக்குக் கழகம் 1873 முதல் முயன்று வந்தது. அகராதியை உருவாக்கும் பொறுப்பை ரைட் ஏற்றார். நூற்றுக்கணக்கான தன்னார்வலர்கள் திரட்டிய சொற்குறிப்புத் தாள்களை ஒப்புநோக்கி, ஒவ்வொரு சொல்லும் எந்தெந்த வட்டாரத்தில் எப்பொருளில் வழங்குகிறது என வகைப்படுத்தினார். அவருடைய மனைவி எலிசபெத் மேரி உற்ற துணையாக நின்றார். பெரும் பணம் தேவைப்பட்ட அம்முயற்சியில் ரைட் தம் சொந்தப் பொருளையும் ஈடுபடுத்தினார். 1898 முதல் 1905 வரை ஆறு தொகுதிகளாக அகராதி வெளிவந்தது.

ரைட் 1930இல் மறைந்தார். அகராதியில் இடம்பெற்ற சொற்கள் பல இன்று எவர் நாவிலும் இல்லை. எனினும், அவற்றைப் பேசிய எளிய மக்களின் வாழ்வு அந்த ஆறு தொகுதிகளில் நிலைபெற்றுள்ளது.