பூட்டுத் தொழிலாளியின் மைந்தர் ஓம்

மின்னியல் பயிலும் மாணவர் அனைவரும் 'ஓம்' என்னும் சொல்லை அறிவர். மின்தடையை அளக்கும் அலகின் பெயர் அது. ஆனால் அப்பெயர் ஒரு மனிதருடையது என்பதையும், அவர் பூட்டுச் செய்யும் தொழிலாளி ஒருவரின் மகன் என்பதையும் அறிந்தோர் சிலரே. அப்பெரியாரின் வாழ்க்கையை இம்மலரின் வாயிலாக நம் இளைஞர்க்கு எடுத்துரைக்க விழைகின்றோம்.

ஜியார்ஜ் சைமன் ஓம் 1789ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 16ஆம் நாள் ஜெர்மனி நாட்டின் எர்லாங்கன் நகரில் பிறந்தார். தாயார் ஒரு தையற்காரரின் மகள். பிள்ளைகள் எழுவருள் பிழைத்து வளர்ந்தோர் மூவரே. ஜியார்ஜ் பத்து வயதுச் சிறுவராய் இருந்தபோது தாயாரும் மறைந்தார்.

தந்தையார் முறையான கல்வி பெற்றவரல்லர். எனினும் தாமே முயன்று கணிதமும் அறிவியலும் கற்றார். அரமும் சுத்தியும் பிடித்த கையாலேயே தம் மைந்தர் ஜியார்ஜுக்கும் மார்ட்டினுக்கும் அவற்றைக் கற்பித்தார். பதினைந்து வயது ஜியார்ஜைச் சோதித்துப் பார்த்த பல்கலைக்கழகப் பேராசிரியர் ஒருவர் வியந்து போனார். இளையவர் மார்ட்டினும் பிற்காலத்தில் பெர்லினில் கணிதப் பேராசிரியரானார்.

1805ஆம் ஆண்டு ஜியார்ஜ் எர்லாங்கன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அடுத்து நிகழ்ந்ததை நாம் மறைக்க விரும்பவில்லை. நடனத்திலும், பனிச்சறுக்கிலும், பில்லியர்ட்ஸ் ஆட்டத்திலும் அவர் பொழுதைக் கழித்தார். தமக்குக் கிட்டாத வாய்ப்பை மகன் வீணாக்குவது கண்டு தந்தையார் கொதித்தார். மூன்று பருவங்களோடு படிப்பு நின்றது. 1806இல் சுவிட்சர்லாந்து நாட்டுப் பள்ளி ஒன்றுக்குக் கணித ஆசிரியராக ஜியார்ஜ் சென்றார். அங்கே அவர் மனம் மாறியது. பெருங்கணித மேதைகளின் நூல்களைத் தாமே கற்றார். 1811இல் எர்லாங்கன் திரும்பி, அவ்வாண்டிலேயே டாக்டர் பட்டமும் பெற்றார். தந்தையாரின் சினம் வீண்போகவில்லை.

பட்டம் பெற்றும் வறுமை நீங்கவில்லை. பல்கலைக்கழக ஊதியம் போதாமையால் பள்ளி ஆசிரியரானார். 1817இல் கொலோன் நகரப் பள்ளியில் பணி கிடைத்தது. அங்கு நல்லதோர் ஆய்வுக்கூடம் இருந்தது. தந்தையாரிடம் பழகிய உலோக வேலை இங்கே கைகொடுத்தது. வேண்டிய கருவிகளைத் தாமே செய்துகொண்டார்.

கம்பியின் நீளம் மிகும்போது மின்னோட்டம் எவ்வாறு குறைகின்றது என்பதே அவர் ஆராய்ந்த வினா. 1825இல் அவர் வெளியிட்ட முதல் விடை பிழையாயிற்று. அவர் கையாண்ட மின்கலத்தின் வலிமை நிலையாக நில்லாமல் தளர்ந்ததே காரணம். பிழையைப் பற்றிக்கொண்டு அவர் வாதாடவில்லை. பொகெண்டார்ஃப் என்னும் இதழாசிரியரின் யோசனையை ஏற்று, செம்பும் பிஸ்மத்தும் இணைந்த வெப்ப மின்னிரட்டையைக் கையாண்டார். அதன் ஒரு முனை கொதிநீரிலும் மறுமுனை உருகும் பனிக்கட்டியிலும் இருந்தமையால் மின்னழுத்தம் மாறாது நின்றது. ஒரே கனமும் வெவ்வேறு நீளமும் உடைய எட்டுச் செம்புக் கம்பிகளை ஒன்றன்பின் ஒன்றாக இணைத்து, காந்த ஊசியின் விலக்கத்தால் மின்னோட்டத்தை அளந்தார். 1826இல் உண்மை புலப்பட்டது. 1827இல் அதனை நூலாக வெளியிட்டார்.

அவ்வுண்மை எளியது. மின்னழுத்தம் இருமடங்கானால் மின்னோட்டமும் இருமடங்காகும். தடை இருமடங்கானால் மின்னோட்டம் பாதியாகும். ஆதலின் வோல்ட்டில் அளந்த மின்னழுத்தத்தை ஆம்பியரில் அளந்த மின்னோட்டத்தால் வகுத்தால் ஓம் கணக்கில் தடை கிடைக்கும். நம் இல்லத்து 230 வோல்ட் மின்சாரத்தில் ஒரு சூட்டடுப்பு 5 ஆம்பியர் இழுக்கின்றது எனக் கொள்வோம். 230ஐ 5ஆல் வகுக்க, அதன் தடை 46 ஓம். அவ்விரண்டையும் பெருக்கினால் மின்திறன் கிடைக்கும். அது 1150 வாட். ஒரு மணி நேரம் எரிந்தால் 1.15 யூனிட் செலவாகும். மின்னோட்டத்தின் இருமடியைத் தடையால் பெருக்கினாலும், அதாவது 25ஐ 46ஆல் பெருக்கினாலும், அதே 1150 வரும். மின்னோட்டம் தரும் வெப்பம் இக்கணக்கின்படியே அமைவதை 1841இல் ஆங்கில அறிஞர் ஜூல் வெளியிட்டார். இரு கம்பிகள் நேராக உரசினால் தடை மிகவும் குறைந்து, மின்னோட்டம் பெருகி, தீ மூளும். அதற்கு முன்பே உருகி மின்சாரத்தைத் துண்டிக்கவே ஃபியூஸ் கம்பி வைக்கின்றோம்.

இவ்வளவு பயனுடைய விதியை அன்றைய ஜெர்மானிய அறிஞர் பலர் போற்றவில்லை. இயற்கையைக் கணிதத்தால் அளப்பதையே சிலர் வெறுத்தனர். பல்கலைக்கழகப் பதவியை எதிர்நோக்கியிருந்த ஓம் மனமுடைந்து, 1828இல் கொலோன் பணியைத் துறந்தார். பெர்லினில் சொற்ப வருவாயில் கணிதம் கற்பித்துக் காலம் தள்ளினார். 1833இல் நியூரம்பர்க் தொழிற்கல்லூரியில் இடம் கிடைத்தது.

அயல்நாடு அவரை முதலில் பெரிதும் போற்றியது. 1841இல் இலண்டன் இராயல் சங்கம் காப்லி பதக்கம் அளித்தது. மறு ஆண்டு அவரை உறுப்பினராகவும் ஏற்றது. 1852இல் மியூனிச் பல்கலைக்கழக இயற்பியல் பேராசிரியர் பதவி அவரை வந்தடைந்தது. இளமை முதல் அவர் விரும்பிய பதவி அது. வந்தபோது அவருக்கு வயது 63. இரண்டே ஆண்டுகளில், 1854 ஜூலை 6ஆம் நாள், அவர் மறைந்தார். 1881இல் பாரிசு நகரில் கூடிய உலக மின்னியல் மாநாடு தடையின் அலகுக்கு அவர் பெயரைச் சூட்டியது.

இளைஞர்களே! பள்ளி காணாத தந்தை ஒருவர் தம் பட்டறையின் அருகே ஏற்றிய விளக்கு அது. நம் இல்லங்களிலும் அவ்வாறு தாம் கல்லாதிருந்தும் நம்மைக் கற்பிக்கப் பாடுபடும் பெற்றோர் உளர். அவர் தரும் வாய்ப்பை வீணாக்காதிருப்போம். ஒருகால் வழுக்கினும் ஓமைப் போல மீண்டு எழுவோம்.