ஏழு கோல் விட்டவர் கையில் உலகக் கிண்ணம்

இத்தாலி முதன்முதலாக உலகக் கிண்ணத்தை வென்றபோது அதன் அணித்தலைவர் ஒரு கோல் காவலர். அவர்தான் ஜியான்பியெரோ கொம்பி.

1902இல் தூரின் நகரில் பிறந்த கொம்பி, கடைசிவரை சொந்த ஊர்க் குழுவான யுவென்டசுக்கே ஆடினார். 1924இல் தேசிய அணிக்காக அவர் முதன்முதலில் களமிறங்கிய ஆட்டத்தில், ஹங்கேரியிடம் இத்தாலி 1-7 எனத் தோற்றது. வேறொருவராக இருந்தால் அத்தோடு மனம் உடைந்திருப்பார்.

கொம்பி துவளவில்லை. 1925-26 பருவத்தில் தொடர்ந்து 934 நிமிடங்கள் கோல் விடாமல் வலையைக் காத்தார். அவர் நெடிய உருவம் கொண்டவரல்லர். பந்து வரும் திசையை முன்கூட்டியே கணித்து நிற்பதும், அஞ்சாமல் பாய்வதும் அவரது பலம். பின்னர் ரோசெட்டா, காலிகாரிஸ் என்ற இரு தற்காப்பு ஆட்டக்காரர்களும் அவருக்கு அரணாக அமைந்தனர். கொம்பியின் காலத்தில் யுவென்டஸ் ஐந்து முறை லீக் பட்டம் வென்றது.

1934இல், ஓய்வுபெறும் தறுவாயில் இருந்தார் கொம்பி. முதல்நிலை கோல் காவலர் செரெசோலி காயமடைந்ததால், உலகக் கிண்ணப் போட்டியில் வலையைக் காக்கும் பொறுப்பு அவரிடம் வந்தது. ரோம் நகரில் நடந்த இறுதியாட்டத்தில், கூடுதல் நேரத்தில் செக்கோஸ்லோவாக்கியாவை 2-1 என இத்தாலி வீழ்த்தியது. எதிரணித் தலைவர் பிளானிச்காவும் கோல் காவலரே!

அதுவே தேசிய அணிக்கு கொம்பியின் 47ஆவது ஆட்டம். கடைசி ஆட்டமும் அதுதான். 1956இல், 53ஆவது வயதில் அவர் காலமானார்.

கோல் காவலராக இருந்து கிண்ணம் ஏந்திய அடுத்த அணித்தலைவரைக் காண உலகம் 1982 வரை காத்திருந்தது. அவர் டினோ ஸோஃப். அவரும் இத்தாலியர், அவரும் யுவென்டஸ் ஆட்டக்காரர்.