வாத்தியார் வித்த பேனா கக்கிருச்சு... பார்க்கர் பிறந்த கதை!

தாத்தாவோட பீரோவை எப்பவாவது குடைஞ்சிருக்கீங்களா? பழைய பாஸ்புக், மூக்குக் கண்ணாடிக் கூடு, செல்லாத நாணயம்... இதுக்கு நடுவுல அம்பு மாதிரி கிளிப் வெச்ச ஒரு பேனா கிடைச்சிருந்தா, நீங்க கொடுத்து வெச்சவர். அது பார்க்கர்! ஒரு காலத்தில் சட்டைப் பையில் அந்த அம்பு தெரிந்தாலே தனி கெத்துதான்.

இன்னிக்கும் அந்தப் பழைய பேனாக்களைத் தேடித்தேடி வாங்க உலகம் முழுக்க ஒரு கூட்டம் இருக்கு. அதிலும் 1920, 30-கள்ல வந்த செல்லுலாய்டு பேனான்னா அவங்களுக்கு உசுரு. கிட்டத்தட்ட 100 வருஷம் ஆன பேனா, சின்ன ரிப்பேருக்குப் பிறகு புதுசு மாதிரி எழுதுது. நம்ம போன் இரண்டு வருஷத்துல மூச்சு வாங்க ஆரம்பிச்சிடுது. இது எப்படி சாத்தியம்?

பதில் தெரியணும்னா, மாணவர்கிட்ட மாட்டிக்கிட்டு முழிச்ச ஒரு வாத்தியாரோட வாழ்க்கையைத் தெரிஞ்சுக்கணும். பேரு ஜார்ஜ் சாஃபோர்டு பார்க்கர்.

தந்தி வகுப்பும் மைக்கறையும்

1863 நவம்பர் 1 அன்று, அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் ஷல்ஸ்பர்க் என்ற சின்ன ஊரில் பிறந்தார் பார்க்கர். வளர்ந்தது அயோவா மாநிலத்தில். அந்தக் காலத்து இளைஞர்களுக்குத் தந்தி வேலைன்னா, இன்னிக்கு ஐ.டி வேலை மாதிரி. பார்க்கரும் தந்தி கத்துக்க ஜேன்ஸ்வில் என்ற ஊரில் இருந்த பயிற்சிப் பள்ளியில் சேர்ந்தார். நல்லா படிச்சதால, அங்கேயே ஆசிரியர் வேலையும் கிடைச்சுது.

ஆனா சம்பளம் கையைக் கடிச்சது. பக்க வருமானத்துக்கு என்ன பண்ணலாம்னு யோசிச்சவர், ஜான் ஹாலண்ட் என்ற கம்பெனியின் பேனாக்களை வாங்கித் தன் மாணவர்களுக்கே விற்க ஆரம்பித்தார். நல்ல ஐடியாதானே? தந்தி படிக்கிறவங்களுக்குப் பேனா கட்டாயம் வேணும். கருவி `டிக் டிக்'னு அடிக்க அடிக்க, காதால் கேட்டுக் கையால் எழுதணும். ஒரு நொடி பேனா நின்னா, ஒரு வார்த்தை போச்சு!

அங்கதான் வந்தது வினை. வாங்கிய பேனாக்கள் கக்க ஆரம்பிச்சுது. சிலது எழுதவே இல்லை. விரல், சட்டை, தாள் எல்லாம் மை. மாணவர்கள் பேனாவைத் தூக்கிக்கிட்டு வாத்தியார் மேசைக்கே வந்துட்டாங்க.

இந்த இடத்துல நீங்களா இருந்தா என்ன செய்வீங்க? `நான் வெறும் ஏஜென்ட்தான், கம்பெனிக்கு எழுதிப் போடுங்க'ன்னு சொல்லித் தப்பிக்கலாம். இன்னிக்கு கஸ்டமர் கேர்ல நமக்குக் கிடைக்கிற பதிலும் பாதி நேரம் அதுதானே!

பார்க்கர் அப்படிச் சொல்லலை. வித்தது நான், அதனால சரிபண்ண வேண்டியதும் நான்தான்னு நினைச்சார். சின்னதா ஒரு கடைசல் இயந்திரம், ரம்பம், சில கருவிகள் வாங்கினார். வகுப்பு முடிஞ்ச பிறகு ஒவ்வொரு பேனாவா பிரிச்சுப் போட்டு ரிப்பேர் பண்ணினார்.

பிரிச்சுப் பிரிச்சுப் பார்த்ததில் ஒரு விஷயம் புரிஞ்சுது. இந்தப் பேனாக்கள் கெட்டுப்போகலை, டிசைனே தப்பு! இதைவிட நல்ல பேனாவை நாமளே செய்யலாமேன்னு தோணுச்சு. 1888-ல் பார்க்கர் பேனா கம்பெனி பிறந்தது. அடுத்த வருஷமே முதல் காப்புரிமை வாங்கினார்.

கையில் காசு இல்லை. வில்லியம் பால்மர் என்ற இன்ஷூரன்ஸ்காரர் ஆயிரம் டாலர் போட்டு, காப்புரிமையில் பாதியை வாங்கிக்கிட்டுப் பங்காளி ஆனார். 1892-ல் கம்பெனி முறைப்படி பதிவானது.

ஒரு வளைவு செய்த வேலை

பேனா ஏன் கக்குது? நிப்புக்கு அடியில் நாக்கு மாதிரி ஒரு துண்டு இருக்கும், பார்த்திருப்பீங்க. மை அது வழியாத்தான் நிப்புக்கு வரும். எழுதி முடிச்சுப் பேனாவை நிமிர்த்திப் பையில் செருகினாலும், அந்த நாக்கில் கொஞ்சம் மை தங்கிடும். இப்போ உங்க உடம்புச் சூடு பேனாவுக்கு ஏறும். உள்ளே இருக்கிற காற்று விரியும். விரியுற காற்று, நாக்கில் தங்கின மையை வெளியே தள்ளும். மூடியைத் திறந்தா... கையெல்லாம் மை!

1894-ல் பார்க்கர் காப்புரிமை வாங்கின தீர்வு ரொம்ப சிம்பிள். நாக்கின் பின்முனையை வளைச்சு, மைக்கூட்டின் உள்சுவரைத் தொடுற மாதிரி வெச்சார். பேனாவை நிமிர்த்தினதும் நாக்கில் மிச்சம் இருக்கிற மை, சுவரைப் பிடிச்சுக்கிட்டு உள்ளே இறங்கிடும். காற்று விரிஞ்சாலும் தள்ளுறதுக்கு மை இருக்காது. `லக்கி கர்வ்' என்று பேர் வெச்சார். கம்பெனி நிமிர்ந்தது அந்த வளைவால்தான்.

பிறகு முதல் உலகப்போர். பதுங்குகுழியில் மை பாட்டிலுக்கு எங்கே போறது? மை மாத்திரையைப் பேனாவோடு கொடுத்தார் பார்க்கர். தண்ணியில் கரைச்சா மை ரெடி, வீட்டுக்கு லெட்டர் எழுதலாம். அந்த `ட்ரெஞ்ச் பேனா' இன்னிக்கு சேகரிப்பவங்க கண்ணுல பட்டா விடவே மாட்டாங்க.

சிவப்பு நிறமே...

1920 வரைக்கும் கடைக்குப் போனா பெரும்பாலும் கறுப்புப் பேனாதான். ரப்பரைக் கெட்டிப்படுத்திச் செய்யுற எபோனைட்டில் கறுப்புதான் பலமா வரும், சிவப்பு சுலபமா உடையும். இருந்தாலும், லூயிஸ் டெபெல் என்ற விற்பனையாளர் பெருசா, பளிச்னு சிவப்பில் ஒரு பேனா வேணும்னு அடம்பிடிச்சார். கம்பெனிக்குள்ளே தயக்கம்தான். கடைசியில் 1921-ல் வந்தது `டியூஃபோல்டு'. ஆரஞ்சு கலந்த சிவப்பு. விலை 7 டாலர். அப்போ அது பெரிய காசு. கூடவே 25 வருஷ உத்தரவாதம்! `பிக் ரெட்'னு செல்லப்பேர் வாங்கி, சக்கைப்போடு போட்டுச்சு.

25 வருஷம்னு வாய்வார்த்தையா சொல்லிடலாம். ஆனா கீழே விழுந்தா உடையுற பொருளுக்கு எத்தனை பேருக்கு மாத்திக் கொடுக்க முடியும்? இங்கதான் செல்லுலாய்டு உள்ளே வருது.

செல்லுலாய்டுன்னா என்ன? பருத்தி மாதிரியான தாவர நாரை அமிலத்தில் பதப்படுத்தி, அதோடு கற்பூரம் சேர்த்துச் செய்யுற பொருள். ஆமாங்க, கற்பூரமேதான்! பழைய செல்லுலாய்டு பேனாவை விரலால் சூடு பறக்கத் தேய்ச்சு மோந்து பாருங்க, லேசா கற்பூர வாசனை வரும். அந்தக் கால சினிமா ஃபிலிமும் டேபிள் டென்னிஸ் பந்தும் இதே சரக்குதான். எபோனைட்டைவிட உறுதி, விரும்பின நிறம், முத்து மாதிரி மினுமினுப்பு. பல நிறத் துண்டுகளைச் சேர்த்து அழுத்திக் கடைஞ்சா, ஒரு பேனாவில் வர்ற கோலம் இன்னொண்ணுல வராது.

நியாயமா ஒண்ணு சொல்லணும். இதில் முந்திக்கிட்டது பார்க்கர் இல்லை. போட்டியாளர் ஷீஃபர் 1924-லேயே செல்லுலாய்டு பேனா கொண்டுவந்துட்டார். பார்க்கர் மாறினது 1926-ல். `பெர்மனைட்'னு பேர் வெச்சு, விமானத்துல இருந்து கீழே போட்டும் உடையலைன்னு விளம்பரம் பண்ணினாங்க. ஜேடு பச்சை, லாப்பிஸ் நீலம், மாண்டரின் மஞ்சள்னு வரிசையா நிறங்கள் வந்துச்சு. அந்த மஞ்சள் அப்போ பெருசா விற்கலை. இன்னிக்கு சேகரிப்பவங்க அதிகமா ஏங்குறது அதுக்குத்தான்!

கடைசிக் காலத்துக் கண்ணாடி வளையங்கள்

அமெரிக்கா பொருளாதார மந்தத்தில் கிடந்த 1933-ல், மகன் கென்னத் முன்னின்று நடத்த, `வேக்குமேட்டிக்' கடைக்கு வந்தது. விஸ்கான்சின் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆர்தர் டால்பெர்க் கண்டுபிடிச்ச வழி அது. மை நிரப்ப உள்ளே ரப்பர் பை கிடையாது. பின்பக்கம் இருக்கிற பொத்தானைச் சில தடவை அழுத்தினா, ஒரு ரப்பர் சவ்வு மையை இழுத்துப் பேனா உடம்பு முழுக்க நிரப்பிடும்.

எவ்வளவு மை இருக்குன்னு எப்படித் தெரியும்? நிறத் தகடு, கண்ணாடி மாதிரித் தகடுன்னு செல்லுலாய்டை மாத்தி மாத்தி அடுக்கி அழுத்தினாங்க. வெளிச்சத்தில் பிடிச்சா, வளையங்களுக்கு நடுவே மையின் மட்டம் தெரியும். உங்க தாத்தாவோட பேனாவில் இருக்கிற அம்பு கிளிப்பும் முதல்ல வந்தது இதே பேனாவில்தான். அதை வரைஞ்சவர் ஜோசப் பிளாட் என்ற வடிவமைப்பாளர்.

1937 ஜூலை 19 அன்று, 73 வயதில், சிகாகோவில் பார்க்கர் காலமானார். எட்டு வருஷம் கழிச்சு, 1945 செப்டம்பர் 2-ல், ஜப்பான் சரணடைந்த ஒப்பந்தத்தில் ஜெனரல் மக்ஆர்தர் பல பேனாக்களால் கையெழுத்துப் போட்டார். அதில் ஒண்ணு, அவர் மனைவியோட சின்ன சிவப்பு டியூஃபோல்டு!

உங்க கையில ஒண்ணு கிடைச்சா?

* அவசரப்பட்டு மை ஊத்தாதீங்க. டியூஃபோல்டுன்னா உள்ளே ரப்பர் பை காய்ஞ்சு நொறுங்கியிருக்கும். வேக்குமேட்டிக்னா சவ்வு கிழிஞ்சிருக்கும். இரண்டையும் மாத்தலாம், பழைய பேனா தெரிஞ்ச ரிப்பேர்காரர்கிட்ட கொடுங்க.

* சாதாரணத் தண்ணியில் மட்டும் கழுவுங்க. சுடுதண்ணி, ஸ்பிரிட், சானிடைசர் எதுவும் ஆகாது.

* வெயில், அடுப்பு, ஊதுபத்தி பக்கம் வைக்காதீங்க. செல்லுலாய்டு குபீர்னு பத்திக்கும்.

* காற்றுப் புகாத டப்பாவில் பூட்டாதீங்க. ரப்பர் பையிலிருந்து வர்ற கந்தக ஆவி வெளியேற வழி இல்லாம, வெளிர் நிறங்களைப் பழுப்பாக்கிடும். ஜேடு பச்சை நிறைய பழுத்துப்போறதுக்கு இதான் காரணம்.

* வாங்குறதா இருந்தா வெளிச்சத்தில் பிடிச்சுப் பாருங்க. வேக்குமேட்டிக்கில் வளையங்கள் எவ்வளவு தெளிவோ, அவ்வளவு மதிப்பு. பேனா உடம்பில் இருக்கிற சின்ன எண் குறி, எந்த வருஷத்துப் பேனான்னு சொல்லிடும்.

இப்போ முதல்ல கேட்ட கேள்விக்கு வருவோம். 100 வருஷம் ஆகியும் இந்தப் பேனாக்கள் ஏன் எழுதுது? செல்லுலாய்டு சாகாவரம் வாங்கின பொருள் இல்லை. சுருங்கும், நிறம் மாறும், சிலது விரிசல் விட்டு நொறுங்கியே போகும். ஆனா மறை கழட்டித் திறக்கலாம், கெட்டதை மட்டும் மாத்தலாம், திரும்ப மூடலாம். தான் வித்த பேனாவைத் தானே பிரிச்சு உட்கார்ந்த ஒரு வாத்தியார் ஆரம்பிச்ச கம்பெனி அது. பேனான்னா ஒருநாள் பழுதாகும், அப்போ யாராவது அதைத் திறக்கணும்னு அவருக்குத் தெரிஞ்சிருந்தது.

பழுதாகாத பொருளை யாராலும் செய்ய முடியாது. பழுதானா வா, பார்த்துக்கலாம்னு சொல்றவங்க செஞ்ச பொருள்தான் தலைமுறை தாண்டுது. இந்த வார இறுதியில் அந்த பீரோவை ஒருதரம் திறந்து பாருங்களேன். மூடி இறுகிக் கிடந்தா முறுக்காதீங்க. தாத்தா இருந்தா, முதல்ல அவர்கிட்ட அதைக் கொடுத்துக் கதையைக் கேளுங்க. ரிப்பேரை அப்புறம் பார்த்துக்கலாம்!