சோதனைக் குழாயில் சந்தித்த சுப்பாராவ்

மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுத்தே ஆகவேண்டும் என்று சங்கச் செயலாளர் போனில் பிடித்துக்கொண்டார். எனக்குக் கதையும் வராது, கவிதையும் வராது. குழந்தைகளுக்கான பால் பவுடரைப் பரிசோதனை செய்தே முப்பது வருஷத்துக்கு மேல் ஓட்டியவன் நான். ஆகவே, அந்த வேலையில் தினமும் என் கூடவே இருந்த ஒரு பெரிய மனிதரைப் பற்றி எழுதுகிறேன். அவர் இறந்தபோது நான் பிறக்கவே இல்லை.

நம் கல்லூரி ஆய்வகத்தைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். உயிர்வேதியியல் செய்முறை வகுப்பு. பாஸ்பரஸை அளக்கும் முறைக்கு ஃபிஸ்க்-சுப்பாராவ் முறை என்று பெயர். கொல்லிமலையிலிருந்து இறங்கி வந்து ஹாஸ்டலில் தங்கிப் படித்த எனக்கு, ரெகார்டு நோட்டில் அந்தப் பெயரை எழுதும்போதெல்லாம் ஒரே ஆச்சரியம். வெள்ளைக்காரர் பெயருக்குப் பக்கத்தில் நம்ம பக்கத்துப் பெயர் எப்படி வந்தது? ஆசிரியரிடம் கேட்டேன். அவர் மெட்ரிக்கில் இரண்டு தடவை கோட் அடித்தவர் என்று சொல்லிச் சிரித்தார். அப்போது இரண்டு பேப்பர் அரியர் வைத்திருந்த எனக்கு, அந்த நிமிஷமே அவர் சொந்தக்காரர் ஆகிவிட்டார்!

எல்லாப்பிரகட சுப்பாராவ் 1895 ஜனவரி 12-ல் பீமவரத்தில் பிறந்தார். அன்று அது சென்னை மாகாணம். மூன்றாவது முயற்சியில் மெட்ரிக் தேறியது திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில். பிறகு மாநிலக் கல்லூரி, அப்புறம் சென்னை மருத்துவக் கல்லூரி. காந்தியடிகளின் அழைப்பைக் கேட்டு, அறுவைச் சிகிச்சை வகுப்புக்குக் கதர் உடையில் போனார். ஆங்கிலேயப் பேராசிரியருக்கு அது பிடிக்கவில்லை. எம்.பி.பி.எஸ். பட்டத்துக்குப் பதில், அதைவிடக் குறைந்த எல்.எம்.எஸ்.தான் கிடைத்தது.

அதற்குள் வீட்டில் பெரிய இடி. ஸ்ப்ரூ என்ற நோய், அண்ணன் தம்பிகளில் இருவரைச் சில நாள் இடைவெளியில் கொண்டுபோய்விட்டது. விடாத வயிற்றுப்போக்கு, சாப்பிட்டது உடம்பில் ஒட்டாது, ரத்தம் வற்றிப்போகும். ஏன் வருகிறது என்று அன்று யாருக்கும் தெரியாது.

1923-ல் மனைவி சேஷகிரியை ஊரில் விட்டுவிட்டு அமெரிக்காவிலுள்ள பாஸ்டனுக்குப் போனார். ஆஸ்பத்திரியில் எடுபிடி வேலை பார்த்துக்கொண்டே ஹார்வர்டில் படித்தார். சைரஸ் ஃபிஸ்க்குடன் சேர்ந்து பாஸ்பரஸ் அளக்கும் முறையை 1925-ல் வெளியிட்டார். கரைசலில் மாலிப்டேட் சேர்த்து, பிறகு ஒடுக்கும் பொருளைச் சேர்த்தால் நீலநிறம் வரும். பாஸ்பரஸ் எவ்வளவோ அவ்வளவு நீலம். இவ்வளவுதான் விஷயம்! அந்த நீலத்தைப் பிடித்துக்கொண்டே போய், தசைக்குச் சக்தி தரும் பாஸ்போகிரியேட்டினையும் ஏ.டி.பி.யையும் கண்டார்கள். ஆனாலும் ஹார்வர்டில் அவருக்கு நிரந்தர வேலை கிடைக்கவில்லை. 1940-ல் லெடர்லி என்ற மருந்துக் கம்பெனிக்குப் போனார்.

அங்கே அவருடைய குழு 1945-ல் போலிக் அமிலத்தைச் செயற்கையாகத் தயாரித்தது. கொஞ்ச நாளில் டாக்டர்கள் அதை ஸ்ப்ரூ நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். ரத்தம் ஊறியது. சகோதரர்களைக் கொன்ற நோய்க்குத் தன் குழுவின் கையாலேயே மருந்து வந்ததைப் பார்த்தவர் எத்தனை பேர் இருப்பார்கள், சொல்லுங்கள். யானைக்கால் நோய்க்கு இன்றும் தரப்படும் டி.இ.சி. மருந்தும் அவர் தலைமையில் வந்ததுதான். போலிக் அமிலம் மாதிரியே வேஷம் போட்டு அதன் வேலையைத் தடுக்கும் மருந்தையும் அதே குழு செய்தது. ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளுக்கு பாஸ்டனில் டாக்டர் சிட்னி ஃபார்பர் முதலில் கொடுத்துப் பார்த்த மருந்துகள் அவை. 1948 ஆகஸ்டில், 53 வயதில், சுப்பாராவ் காலமானார். ஊருக்குத் திரும்பவே இல்லை. 1995-ல் இந்திய அரசு தபால்தலை வெளியிட்டது.

இனி என் கதைக்கு வருகிறேன். படிப்பு முடிந்து ஓர் உணவுப் பரிசோதனைக் கூடத்தில் சேர்ந்தேன். பால் பவுடரை உலையில் சாம்பலாக்கி, அமிலத்தில் கரைத்து, பாஸ்பரஸ் பார்க்க வேண்டும். மறுபடியும் அதே நீலம்! கைக்குழந்தை உணவில் கால்சியம், பாஸ்பரஸைப் போல ஒரு மடங்கிலிருந்து இரண்டு மடங்குக்குள் இருக்க வேண்டும் என்பது கோடெக்ஸ் என்ற சர்வதேச விதி. போலிக் அமிலம் 100 கிலோ கலோரிக்குக் குறைந்தது 10 மைக்ரோகிராம். அதை அளக்க ஒரு நுண்ணுயிரை வளர்ப்போம். போலிக் அமிலம் இருந்தால்தான் அது பெருகும், குழாய் கலங்கும். ஒருமுறை குழாய்கள் தெளிவாகவே நின்றன. பவுடர் சரியில்லை என்று எழுதப் போனேன். சீனியர் தடுத்தார். பார்த்தால், கரைசலை ஜன்னல் வெயிலில் வைத்திருந்தவன் நான்தான்! வெளிச்சம் பட்டால் போலிக் அமிலம் சிதைந்துவிடும். பழுப்பு பாட்டிலில் எடுத்து மறுபடி செய்தோம். சரியாக வந்தது.

ஆட்டுப்பாலில் போலிக் அமிலம் மிகக் குறைவு, அதை மட்டுமே குடித்து வளரும் குழந்தைக்கு ரத்தசோகை வரும் என்று அந்த நாட்களில்தான் படித்தேன். படித்ததும் அன்றைக்கு வேலை ஓடவில்லை. 1971-ல் மலையில் என் தங்கச்சிப் பாப்பா பிறந்தாள். அம்மாவுக்குப் பால் இல்லை. ஆயா ஆட்டுப்பாலைக் கொடுத்தே வளர்த்தாள். பாப்பா நாளுக்கு நாள் வெளுத்தாள். கீழே தூக்கிக்கொண்டு போவதற்குள் போய்விட்டாள். காரணம் இதுதான் என்று என்னால் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் அந்த மருந்து உலகத்தில் வந்து அப்போதே 25 வருஷம் ஆகியிருந்தது. எங்கள் மலை ஏறித்தான் வரவில்லை.

இன்று 70 கொண்டை ஊசி வளைவும் தாண்டி பஸ் போகிறது. கர்ப்பிணிகளுக்குத் தரும் இரும்புச்சத்து மாத்திரையிலேயே போலிக் அமிலமும் இருக்கிறது. தாய்ப்பாலுக்கு ஈடு எதுவும் இல்லை. பால் பவுடருக்கு விளம்பரம் செய்யக் கூடாது என்று 1992-லேயே சட்டம் வந்துவிட்டது. தாய்ப்பாலுக்கு வழியே இல்லாத குழந்தைக்கு அந்த டப்பாதான் கதி. அதற்குள் இருப்பது சரியா என்று பார்ப்பவன் தூங்கிவிடக் கூடாது.

தம்பி தங்கைகளே, அரியர் இருக்கிறதே என்று கலங்காதீர்கள். சுப்பாராவுக்கும் இருந்தது. கண்டுபிடிக்க ஒருவர் வேண்டும். கண்டுபிடித்ததைக் கடைசி வீடு வரை தூக்கிக்கொண்டு போக நிறையப் பேர் வேண்டும். அந்த நிறையப் பேரில் நீங்களும் இருங்கள். அடுத்த தடவை குழாயில் நீலம் வந்தால், ரெகார்டு நோட்டில் அவர் பெயரைப் பிழையில்லாமல் எழுதுங்கள்.