கல்வி விளக்கேற்றிய அறிஞர் சித்திலெப்பை (ரஹ்)

எல்லாப் புகழும் ஏகனாம் அல்லாஹ்வுக்கே!

பள்ளிக்கூடம் சென்றால் பிள்ளையின் ஈமான் பறிபோய்விடுமோ என்ற அச்சம் நம் முன்னோரைப் பல தலைமுறைகள் வாட்டியது. அந்த அச்சத்திற்கு விடை தேடியே தம் வாழ்நாளைச் செலவிட்ட ஒரு பெருமகனாரை இம்மலரில் நினைவுகூர விரும்புகிறோம்.

முஹம்மது காசிம் சித்திலெப்பை அவர்கள் 1838ஆம் ஆண்டு இலங்கையின் கண்டி நகரில் பிறந்தார்கள். தந்தையார் சட்டத்துறையைச் சார்ந்தவர். குர்ஆனும் அரபும் தமிழும் கற்ற மகனார் ஆங்கிலமும் பயின்று, தந்தையின் வழியில் வழக்கறிஞரானார்கள். செல்வமும் செல்வாக்கும் தேடி வந்தன. ஆயினும் சமுதாயத்தின் நிலை அவர்களின் உள்ளத்தை உறுத்தியது.

அக்காலத்தில் இலங்கையில் ஆங்கிலக் கல்வி பெரும்பாலும் கிறித்தவ மிஷனரிகளின் கையில் இருந்தது. 1869இல் அரசு பொதுக்கல்வித் துறையை நிறுவி, தனியார் பள்ளிகளுக்கு மானியம் வழங்கத் தொடங்கியபோது, அதன் பெரும்பயனை அடைந்தவையும் மிஷனரிப் பள்ளிகளே. அங்கே பாடத்துடன் பைபிளும் போதிக்கப்பட்டது. அதற்கு முன்னர் டச்சுக்காரர் ஆட்சியில் பள்ளிக்கூடங்கள் தேவாலயங்களுடன் பிணைந்தே இருந்தன. ஆகவே முஸ்லிம்கள் அஞ்சியதில் நியாயம் இருந்தது. ஒரு பிள்ளை எழுத்தறிவு பெறத் தன் மார்க்கத்தை விலையாகக் கொடுக்க வேண்டும் என்பது எந்த வகையில் நீதியாகும்?

ஆனால் நியாயமான அந்த அச்சத்தின் நிழலில் ஒரு மூடநம்பிக்கையும் வளர்ந்துவிட்டது. ஆங்கிலம் காஃபிர்களின் மொழி, அதைக் கற்பதே பாவம் என்றும், பெண்பிள்ளைக்கு எழுத்து எதற்கு என்றும் பேசலாயினர். மதரஸாவில் ஓதிய இளம் பருவத்தில் நாமும் ஏறத்தாழ இவ்வாறே எண்ணியிருந்தோம் என்பதை ஒப்புக்கொள்வதில் வெட்கப்படவில்லை. மொழிக்கு மார்க்கம் இல்லை என்பதைப் பின்னரே உணர்ந்தோம்.

சித்திலெப்பை அவர்கள் அச்சத்தை மதித்தார்கள், மூடநம்பிக்கையை மறுத்தார்கள். மார்க்கமும் உலகக் கல்வியும் ஒரே கூரையின்கீழ் அமையும் பள்ளிகளை நாமே நிறுவ வேண்டும் என்பதே அவர்கள் கண்ட தீர்வு. இக்கருத்தைப் பரப்ப 1882இல் முஸ்லிம் நேசன் இதழைத் தொடங்கினார்கள். 1885இல் அவர்கள் வெளியிட்ட அஸன்பே சரித்திரம் தமிழின் தொடக்ககால நாவல்களுள் ஒன்றாகும். கண்டியில் பெண்பிள்ளைகளுக்கும் பள்ளி அமைத்தார்கள்.

எதிர்ப்புகள் எழாமல் இல்லை. கொழும்பில் 1884இல் தொடங்கிய முதல் பள்ளி முயற்சி போதிய ஆதரவின்றி நிலைக்கவில்லை. எனினும் அவர்கள் சோர்ந்துவிடவில்லை. எகிப்திலிருந்து நாடுகடத்தப்பட்டு 1883இல் கொழும்பு வந்திருந்த அஹ்மத் ஒராபி பாஷா அவர்கள் துணை நின்றார்கள். அல் அஸ்ஹரில் ஓதிய அப்பெரியார் கொழும்பில் ஆங்கிலமும் கற்றார்கள் என்பது குறிப்பிடத்தக்கது. கொடைவள்ளல் வாப்பிச்சி மரிக்கார் அவர்களும் பொருளாலும் உழைப்பாலும் கைகொடுத்தார்கள். இவர்களின் கூட்டு முயற்சியால் 1892இல் மருதானைப் பள்ளிவாசலை அடுத்து ஒரு மதரஸா உதயமானது. அதுவே ஸாஹிராக் கல்லூரியாக வளர்ந்து இன்றும் நிலைத்து நிற்கிறது.

வழக்கறிஞர் தொழிலால் ஈட்டிய செல்வத்தைக் கல்விப் பணிக்கே செலவிட்ட அறிஞர் அவர்கள் 1898 பிப்ரவரி 5ஆம் நாள் இறையடி சேர்ந்தார்கள். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்.

பிள்ளையின் மார்க்கத்தைக் காப்பது பெற்றோரின் உரிமை. அவனுக்குக் கல்வி தருவது அவர்களின் கடமை. ஒன்றுக்காக மற்றொன்றை இழக்க வேண்டியதில்லை என்பதே அன்னாரின் வாழ்வு நமக்குத் தரும் பாடம். காலையில் பள்ளிக்கூடம் செல்லும் நம் மஹல்லாப் பிள்ளைகள் மாலையில் மக்தபுக்கும் தவறாமல் வர வேண்டும். மக்தபுக்கு வரும் பெண்பிள்ளைகளின் பள்ளிப் படிப்பை இடையில் நிறுத்திவிடவும் கூடாது.

அன்னாரின் கப்ரை அல்லாஹ் ஒளிமயமாக்குவானாக! அவர்கள் நடந்த பாதையில் நம்மையும் நடக்கச் செய்வானாக! ஆமீன்.