மரைக்கு முறை வகுத்த சர் ஜோசப் விட்வொர்த்

கார்த்திகைத் தீபத்தன்றும் பௌர்ணமி இரவுகளிலும் திருவண்ணாமலைக்கு நாற்றிசையினின்றும் மோட்டார் வண்டிகள் வந்து குவிகின்றன. விழா ஓய்ந்தபின், அவற்றுட் சில ஊர்ப்புறத்துப் பட்டறைகளில் எஞ்சின் பிரிக்கப்பட்டு நிற்றலைக் காணலாம். சிலிண்டர் ஹெட்டைக் கழற்றிய தொழிலாளி, அதனை மீண்டும் பூட்டுமுன், கீழேயுள்ள பிளாக்கின் போல்ட் துளைகளை ஒவ்வொன்றாகத் துப்புரவு செய்கின்றார். துளையின் உட்புறத்தே சுருண்டு செல்லும் வரிக்கு மரை என்று பெயர். அம்மரையிற் படிந்த துருவையும் கரியையும் போக்க அவர் எடுக்கும் கருவி, அதனோடு அளவில் முற்றும் ஒத்திருத்தல் வேண்டும். ஓரிடத்தில் வார்த்த பிளாக்கும், வேறோரிடத்திற் கடைந்த போல்ட்டும், மற்றோரிடத்திற் செய்த கருவியும் தம்முட் பொருந்துவது எங்ஙனம்? அதற்கு வழி வகுத்த பெரியார் ஒருவரின் சரிதையை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

ஜோசப் விட்வொர்த் 1803-ம் ஆண்டு டிசம்பர் 21-ம் நாள் இங்கிலாந்திலுள்ள ஸ்டாக்போர்ட் நகரிற் பிறந்தார். தந்தையார் பள்ளியாசிரியர், பின்னர்ச் சபைப் போதகராயினார். பதினான்காம் வயதில் விட்வொர்த் தம் மாமனொருவரின் பஞ்சாலையிற் சேர்க்கப்பட்டார். ஆலையை ஆளும் பதவி பிற்காலத்தில் அவருக்குக் காத்திருந்தது. அவர் உள்ளமோ நூலின்மேற் செல்லாது நூற்கும் இயந்திரத்தின்மேற் சென்றது. ஆதலின் அவ்வாலையை விட்டகன்று, மான்செஸ்டரிற் கூலிக்கு உழைக்கும் தொழிலாளியானார். 1825-ல் லண்டன் சென்று, திருகு கடையும் இயந்திரத்தாற் புகழ்பெற்ற ஹென்றி மாட்ஸ்லேயின் பட்டறையில் அமர்ந்தார்.

அக்காலத்தில் உலோகத் தகட்டைச் சமதளமாக்க இரு தகடுகளை ஒன்றோடொன்று தேய்ப்பது வழக்கம். ஒன்று குழிந்தும் மற்றது புடைத்தும் இருப்பினும் இரண்டும் பொருந்திவிடும். சமமென்று கண் ஏமாறும். மூன்று தகடுகளை மாறி மாறி ஒப்புநோக்கின் அப்பிழை மறையாது. விட்வொர்த் தகட்டின்மேல் வண்ணம் பூசி, மேடிட்ட இடங்களைக் கண்டறிந்து, அவற்றைத் தேய்க்காமற் கூரிய கருவியாற் சுரண்டி, மூன்றும் தம்முள் ஒத்து வருமாறு செய்தார். மெய்யான சமதளம் அமைந்தாலன்றி மெய்யான அளவும் இல்லை என்பதே அவர் கற்ற முதற்பாடம். 1833-ல் மான்செஸ்டருக்கு மீண்டு, கருவி செய்யும் தொழிற்சாலையொன்றைச் சொந்தமாகத் தொடங்கினார்.

ஊருக்கு ஒரு படியும் கடைக்கு ஒரு மரக்காலும் இருப்பின் நெல் வாங்குவோன் என்ன பாடுபடுவான்! அன்றைய பட்டறைகளில் மரையின் நிலையும் அதுவே. ஒவ்வொரு பட்டறையும் தன் மனம்போல் மரை வெட்டியது. இயந்திரத்தைப் பிரிப்பவர், எந்தப் போல்ட் எந்தத் துளைக்குரியது என்று அடையாளமிட்டு வைக்க வேண்டியிருந்தது. ஒன்று தொலைந்தால் அத்துளைக்கென்றே புதிதொன்று கடைய வேண்டும். விட்வொர்த் பல பட்டறைகளினின்றும் போல்ட்களைத் திரட்டி அளந்தார். தாமாக ஒன்றைக் கற்பிக்காது, வழக்கிலுள்ளவற்றின் சராசரியைக் கண்டார். மரையின் கோணம் எங்கும் 55 பாகை. போல்ட்டின் பருமனுக்கேற்ப ஓர் அங்குலத்துக்கு இத்தனை வரி. அரை அங்குலப் போல்ட்டுக்குப் 12 வரி. இம்முறையை 1841-ல் லண்டன் சிவில் எஞ்சினியர்கள் கழகத்தின் முன் வைத்தார். இருப்புப்பாதைக் கம்பெனிகள் அதனை ஏற்றன. கிரிமியப் போரின்போது சிறு பீரங்கிக் கப்பல்களுக்கு எஞ்சின்கள் விரைந்து தேவைப்பட்டன. ஜான் பென் என்பவர் உறுப்புகளைப் பல பட்டறைகளுக்குப் பகிர்ந்தளித்துச் செய்வித்து, ஓரிடத்திற் கூட்டிப் பூட்டினார். மரை ஒன்றாயிருந்தமையால் அவை பொருந்தின.

1851-ல் லண்டனில் நடந்த பெரும் பொருட்காட்சியில், அங்குலத்தின் பத்து லட்சத்திலொரு பங்கை உணர்த்தும் அளவுக் கருவியை விட்வொர்த் காட்டினார். பின்னர்த் துப்பாக்கியின்மேற் கருத்தைச் செலுத்தி, அறுகோணத் துளையுடையதொன்றை அமைத்தார். 1857-ல் நடந்த சோதனையில் அது அரசாங்கத்தின் என்ஃபீல்டு துப்பாக்கியை வென்றது. எனினும் படைத்துறை அதனை ஏற்கவில்லை. விலை மிகுதி; அன்றியும், நுண்ணிய அளவினதாகிய அத்துளையில் வெடிமருந்தின் கரி எளிதிற் படிந்தது. பத்து லட்சத்திலொரு பங்கை அளந்தவரின் படைப்பை அழுக்கு தோற்கச் செய்தது.

மோட்டார்ப் பட்டறையில் துளையைத் துப்புரவு செய்வோர் எதிர்த்து நிற்பதும் இவ்வழுக்கையே. மரையில் துரு இருந்தால் போல்ட்டை முறுக்கும் வலிமை உராய்விலேயே செலவாகின்றது. டார்க் ரென்ச் உரிய அளவைக் காட்டும். ஹெட்டோ உரியவாறு இறுகியிராது. சில நாளில் கேஸ்கெட் பழுதுறும். அடிமூடிய துளையில் எண்ணெயோ நீரோ தேங்கினால், இறங்கும் போல்ட் அதனை அழுத்தப் பிளாக்கே வெடித்தலும் கூடும். புது மரை வெட்டும் டேப்பைச் செலுத்தினால் நல்ல உலோகமும் அரிபடும். ஆதலின், வெட்டாது மரையைத் துடைக்கும் கருவியையோ, நெடுக்கில் காடி அறுத்த பழைய போல்ட்டையோ கையாலே மெல்லச் செலுத்தி, பின்பு காற்றால் ஊதித் துகளைப் போக்குவர்.

அளவு பிழைத்தாலும் கேடே. அமெரிக்காவில் வில்லியம் செல்லர்ஸ் 1864-ல் 60 பாகைக் கோணத்தை வகுத்தார். அங்கே அரை அங்குலப் போல்ட்டுக்கு 13 வரி. பன்னிரண்டும் பதின்மூன்றும் கண்ணுக்கு ஒன்றெனவே தோன்றும். வன்மையாற் புகுத்தினால் மரை அழியும். இரண்டாம் உலகப்போரில் இவ்வேற்றுமையால் நேர்ந்த இடர்களை உணர்ந்து, 1948-ல் பிரிட்டன், அமெரிக்கா, கனடா மூன்றும் 60 பாகைக்கு உடன்பட்டன. மீட்டர் அளவை மரைக்கும் கோணம் அதுவே. மீட்டர் முறையை இந்தியா 1956-ல் சட்டமாக்கியது. ஆயினும் விட்வொர்த் பெயர் தாங்கிய போல்ட்கள் நம் நாட்டு இரும்புக் கடைகளில் இன்றும் கிடைக்கின்றன. பழைய துளையிற் கருவியை இடுமுன் வரிகளை எண்ணிப் பார்த்தல் இதனால் இன்றியமையாததாகின்றது.

விட்வொர்த் 1868-ல், இளைஞர் இயந்திரக் கலை பயிலுதற்பொருட்டு, ஆண்டொன்றுக்கு நூறு பவுன் வீதம் முப்பது உதவிச் சம்பளங்கள் ஏற்படுத்தினார். கைத்தொழிலும் நூற்கல்வியும் ஒருங்கே உடையோரை உருவாக்குதல் அவர் நோக்கம். மறு ஆண்டு சர் பட்டம் பெற்றார். 1887-ம் ஆண்டு ஜனவரி 22-ம் நாள் மாண்டிகார்லோவிற் காலமானார்.

அவர் வகுத்த 55 பாகை இன்று பெரிதும் வழக்கொழிந்தது. எல்லார்க்கும் அளவு ஒன்றே என்னும் முறையோ நிலைபெற்றுவிட்டது. எழுத்தையும் சொல்லையும் அளந்து பயிலும் மாணவராகிய நாம், கரி படிந்த கையோடு மரையின் வரிகளை எண்ணும் பட்டறைத் தொழிலாளியையும் கற்றோர் வரிசையில் வைத்து எண்ணக் கடமைப்பட்டுள்ளோம்.