திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு மணலில் தமிழ் எழுதிய ஜெர்மானியர்: யார் இந்த சீகன்பால்கு?

வெளிநாட்டுக்குப் பாடம் சொல்லித்தரப் போகிறவர்கள், அந்த ஊர் மொழியில் வணக்கம், நன்றி என்று நாலு வார்த்தை கத்துக்கிட்டுப் போவது இன்றைய வழக்கம். 1706 ஜூலை 9 அன்று தரங்கம்பாடியில் வந்து இறங்கிய பர்த்தலோமேயு சீகன்பால்குவுக்குத் தமிழே தெரியாது.

ஜெர்மனியின் புல்ஸ்நிட்ஸ் ஊரில் பிறந்தவர் அவர். தரங்கம்பாடி அப்போது டென்மார்க்காரர்கள் வசம். அந்நாட்டு மன்னர் நான்காம் பிரெடெரிக், கிறிஸ்தவ மதத்தைப் பரப்ப இவரையும் புளுட்சோவையும் அனுப்பினார்.

போர்த்துகீசியம் போதாதா?

கடற்கரை வணிகத்துக்குப் போர்த்துகீசியம் போதும். தெருவில் இருக்கிற மக்களிடம் பேச அது உதவாது. எனவே புளுட்சோ போர்த்துகீசியத்தையும், சீகன்பால்கு தமிழையும் எடுத்துக்கொண்டார்கள்.

வயதான வாத்தியார் ஒருவர் தன் பிள்ளைகளோடு இவர்கள் வீட்டிலேயே பள்ளி நடத்தினார். போதிக்க வந்தவர், அந்தப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் எழுதிப் பழகினார். எழுத்து வந்தது, அர்த்தம்தான் புரியல. வாத்தியாருக்கு ஐரோப்பிய மொழி எதுவும் தெரியாதே! போர்த்துகீசியம் அறிந்த அழகப்பன் என்பவர் துணைக்கு வந்த பிறகுதான் வழி பிறந்தது.

மொழி என்ன செய்தது?

அடுத்தடுத்து ஓலைச்சுவடிகளைத் தேடிச் சேர்த்தார். 1708-ல் நூறுக்கும் மேற்பட்ட தமிழ் நூல்களைப் பட்டியலிட்டார். அதே ஆண்டின் இறுதியில் டேனிஷ் ஆளுநரோடு மோதல் முற்றி, நாலு மாதம் சிறையில் கிடந்தார். வெளியே வந்தும் வேலையை விடவில்லை. 1715-க்குள் தமிழில் புதிய ஏற்பாடு முழுவதும் தரங்கம்பாடியில் அச்சானது. 1716-ல் அவரது தமிழ் இலக்கணம் ஜெர்மனியின் ஹாலே நகரில் லத்தீனில் வெளிவந்தது.

ஆனால், இங்குள்ள தெய்வங்கள், வழிபாடு பற்றி அவர் 1713-ல் விரிவாக எழுதிய நூலை அச்சிட ஹாலேயில் இருந்தவர்கள் மறுத்துவிட்டார்கள். அந்த வழிபாட்டை ஒழிப்பதுதான் அவர் வேலை, அதைப் பற்றிப் புத்தகம் போடுவதல்ல என்பது அவர்கள் கணக்கு. தெய்வங்களைப் பற்றி அவர் கொண்டிருந்த நம்பிக்கை மாறவில்லை. ஆனால், ஒரு மக்களிடம் பேச அவர்களைத் தெரிஞ்சிருக்கணும் என்பதை அவர் தமிழ் படித்தே உணர்ந்திருந்தார்.

1719 பிப்ரவரி 23-ல், 36 வயதில் தரங்கம்பாடியிலேயே இறந்தார். அந்த நூல் அச்சேறியது 1867-ல், சென்னையில். அதற்குள் அவர் இறந்து 148 வருஷம் ஆகியிருந்தது.